பன்னிரண்டாவது பெட்டி

உருத்திரபுரம்
22.04.2025

அன்புள்ள கிருபன் மச்சானுக்கு,

நான், அம்மா, அப்பா மூவரும் நல்ல சுகம். மலைக்குளிரில் உன் நெஞ்சுச்சளி குறைந்திருக்க வேண்டும் என்று சிவனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று சிரிக்காதே. வீட்டிலுள்ள நல்ல போன் அப்பாவின் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. என் பட்டன் போனில் நீ சொல்லச் சொல்ல எழுதிய கட்டளைகளில் புள்ளி எது, கொமா எது என்று தெரியாமல் மூன்று நாள் மண்டையை உடைத்தேன். நீ பொகவந்தலாவைப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிற வாத்தியார். என்னைவிட எட்டு மாதம் இளையவன் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் உன்னைக் கேட்க எனக்கு வெட்கமில்லை. பதிலை நான் கணினி படிக்கும் கிளிநொச்சிப் பயிற்சி நிலைய முகவரிக்கே அனுப்பு. நாகேஸ்வரி மாமி வீட்டுப் பிள்ளையின் கடிதம் எங்கள் கேற்றடிக்கு வந்தால் அப்பா கிழித்துத்தான் போடுவார். சொந்தத் தங்கச்சியோடு நாலு வருடமாய் முகம் கொடுத்துக் கதைக்காத மனிதர்.

விஷயம் இதுதான். வகுப்பு முடிய ஒவ்வொருவரும் திரையில் அசையும் படம் ஒன்று செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் பந்து, கார் என்று ஓட விடுகிறார்கள். நான் எங்கள் வாய்க்காலைச் செய்கிறேன். மேலே மதகு. அதன் கீழே வரிசையாய்ப் பன்னிரண்டு பெட்டி, பன்னிரண்டு வயல். முதலாவது எங்களுடையது, கடைசி உங்களுடையது. நீலத் தண்ணீர் வரவர ஒவ்வொரு பெட்டியும் பழுப்பிலிருந்து பச்சையாக மாற வேண்டும். அழகுக்கு வரம்பில் ஒரு கொக்கும் நடக்கிறது. நடக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? தொடங்கும் பொத்தானை அமத்தினேன், வலது பக்கமாய் நடந்து திரையை விட்டே போய்விட்டது. திரும்பி வரவேயில்லை. அது எங்கே போனது என்று முதலில் சொல்லு.

கொக்கைத் தேடும் மச்சாள்,
சிவரூபி

*

பொகவந்தலாவை
02.05.2025

அன்புள்ள ரூபி மச்சாளுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. என் சளி பாதி குறைந்திருக்கிறது. இங்கே மழை விட்டபாடில்லை, துவைத்த சட்டை நாலு நாளாய்க் கொடியில் கிடக்கிறது.

உமது கொக்கு தொலையவில்லை. திரைக்கு வெளியே இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. டைமர் ஒவ்வொரு டிக்குக்கும் அதை ஐந்து புள்ளி வலப்பக்கம் தள்ளுகிறது. நில் என்று நீர் சொல்லவில்லை, அது நிற்கவில்லை. கணினி நீர் நினைத்ததைச் செய்யாது, எழுதியதைத்தான் செய்யும். கொக்கின் இடது ஓரம் திரையின் அகலத்தைத் தாண்டினால் அதைத் திரும்பப் பூச்சியத்தில் வை என்று ஒரு வரி சேரும். கட்டளைகளைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், புள்ளிகளைச் சிவப்பு மையால் போட்டிருக்கிறேன். தண்ணீருக்கும் டைமர்தான். ஒரு டிக் என்றால் அரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளும். கணக்கு இலகுவாய் இருக்கும்.

அம்மா இந்தச் சிறுபோகத்துக்கு நெல் விதைத்துவிட்டார். அப்பா செத்து மூன்று வருடமாய்ச் சும்மா கிடந்த வயல். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "இந்தமுறையும் காஞ்சுதெண்டால் மண்வெட்டியை வைச்சிட்டு உன்னட்டை வந்திடுறன்" என்கிறார். என்னோடு வந்து இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மனுசி இந்தக் குளிரில் ஒரு அறைக்குள் என்ன செய்யப்போகிறார் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
கிருபன்

*

உருத்திரபுரம்
14.05.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கொடியில் கிடந்த சட்டை காய்ந்ததா? மாமி விதைத்தது எனக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பயிர் நன்றாய் முளைத்திருக்கிறது.

கொக்கு திரும்பி வந்துவிட்டது. வலப்பக்கம் போய் இடப்பக்கத்தால் வருகிறது. உலகம் உருண்டை என்று அதற்காவது விளங்கியிருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

தண்ணீர் முறைப் பட்டியலை அப்பாவிடம் கேட்டேன். வாய்க்கால் தலைவர் என்ற கம்பீரத்தோடு அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். செவ்வாய் காலை ஆறு மணிக்கு மதகு திறப்பார்கள். வெள்ளி காலை ஆறு மணிக்குப் பூட்டி அடுத்த வாய்க்காலுக்குக் கொடுத்துவிடுவார்கள். மொத்தம் எழுபத்திரண்டு மணித்தியாலம். பன்னிரண்டு வயல், ஆளுக்கு ஆறு மணித்தியாலம். "கூடக்குறைய ஒருத்தருக்குமில்லை, எல்லாருக்கும் ஆறு" என்று அப்பா இரண்டு தரம் சொன்னார். பன்னிரண்டு ஆறு எழுபத்திரண்டு. வாய்ப்பாட்டில் பிழை இல்லை.

அப்படியென்றால் நூற்று நாற்பத்துநாலு டிக். அதையே எழுதினேன். ஓட விட்டேன். முதலாவது பெட்டி பச்சை, இரண்டாவது பச்சை, பதினொராவது வரை அழகாய்ப் பச்சை. பன்னிரண்டாவதின் வாசலில் தண்ணீர் வந்து நின்றது. டைமரும் நின்றது. பெட்டி பழுப்பு. ஒன்பது தரம் ஓடவிட்டேன், ஒன்பது தரமும் அதே இடம். வகுப்பெடுக்கும் ராஜினி மிஸ் பார்த்துவிட்டு, கட்டளையில் பிழை காணவில்லை, நீயே தேடு என்று போய்விட்டார். கணக்குச் சரி, கட்டளை சரி, படம் பிழை. இது என்ன கூத்து? எழுதப்பா, தலை சுற்றுகிறது.

குழம்பிப்போன,
ரூபி

*

பொகவந்தலாவை
24.05.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நலமாய் இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருப்பீர்கள். சட்டை காய்ந்தது, காய்ந்த அன்றே திரும்ப நனைந்தது.

ஒரே ஒரு கேள்வி. தண்ணீர் ஒரு வயலின் மடையிலிருந்து அடுத்த மடைக்குப் போக எத்தனை டிக் வைத்திருக்கிறீர்? மாமா சொன்ன ஆறு மணித்தியாலம் எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்றும் கேட்டு எழுதும்.

வேறு விசேஷமில்லை.

கிருபன்

*

உருத்திரபுரம்
31.05.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகமாய் இருக்கிறாய் என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். தாள் விலை கூடிப்போனதோ? இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி சுகம்.

ஒரு டிக் வைத்தேன். முதலில் ஒன்றும் வைக்கவில்லை. தண்ணீர் தவளை மாதிரி ஒரு வயலிலிருந்து அடுத்ததுக்குப் பாய்ந்தது. அசைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மிஸ் சொன்னதால், ஒரு மடையிலிருந்து அடுத்ததுக்கு ஒரு டிக், மதகிலிருந்து எங்கள் மடைக்கும் ஒரு டிக். படம் அழகாய் இருக்கட்டும் என்று வைத்ததுதான்.

அப்பாவிடமும் கேட்டேன். தண்ணீர் அவரவர் மடையில் ஏறின நேரத்திலிருந்துதான் ஆறு மணித்தியாலமாம். தாத்தா காலத்து வழக்கமாம். ஒருவரின் ஆறும் குறையாதாம்.

நீ கேட்டதற்குப் பிறகு கூட்டிப் பார்த்தேன். பதினொரு வயலுக்கும் நூற்று முப்பத்திரண்டு டிக். தண்ணீர் நடந்ததற்குப் பன்னிரண்டு டிக். ஆக, கடைசி வயலின் பங்கை என் அசைவு தின்றுவிட்டது. ஆனால் அது படத்துக்காக நான் போட்டது. படத்தில் நடக்கிற தண்ணீரையும் இந்தக் கணினி கணக்கில் சேர்க்கிறது என்றால் அதன் மூளையை என்னவென்று சொல்வது? அல்லது என் மூளையையா?

அவசரம் என்னவென்றால், ஜூலை பதின்மூன்றாம் தேதி கமக்காரர் கூட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டப்போவதாய் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தன் பட்டியல் எவ்வளவு நேர்மை என்று எல்லோரும் திரையில் பார்க்க வேண்டுமாம். அங்கே போய் மாமியின் வயலைப் பழுப்பாய்க் காட்டினால், "வேணுமெண்டு செய்தனியோ" என்பார். என்ன செய்ய?

ரூபி

*

பொகவந்தலாவை
09.06.2025

மச்சாளுக்கு,

சுகம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

உமது கட்டளையில் பிழை இல்லை. பன்னிரண்டும் பச்சையாக வேண்டுமென்றால் வழி உண்டு. தண்ணீர் நடக்கும்போது எண்ணிக்கையை நிறுத்தி வையும். அது மடையில் ஏறினபிறகு எண்ணத் தொடங்கும். ஒரு வரிதான், தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். தண்ணீர் அசையும், நேரம் போகாது. மாமாவின் பட்டியலில் உள்ளபடியே வரும்.

கிருபன்

*

உருத்திரபுரம்
16.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகம், அப்பா இரண்டு மடங்கு சுகம்.

உன் வரியைப் போட்டதும் பன்னிரண்டு பெட்டியும் பச்சை. ராஜினி மிஸ்ஸின் மடிக்கணினியில் அப்பாவுக்குக் காட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டு நாலு தரம் பார்த்தார். நீ சின்ன வயதில் பார்த்த சிற்றம்பலம் மாமா சிரிக்கிற மனிதரா, சொல்லு? சிரித்தார். "பாத்தியே, கடைசி வயலுக்கும் ஆறு மணித்தியாலம். இதைத்தான் நான் அண்டைக்கும் சொன்னனான்" என்றார். அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று கேட்டேன். எழும்பிப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாய்த்தான் இருக்க வேண்டும். ஆனால் உன் கடிதம் ஒரு மாதிரி இருக்கிறது. அன்புள்ள என்றுகூட இல்லை. தாளின் அடியில் இரண்டு வரி எழுதி, அதைக் கறுப்பாய் வெட்டியிருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. என்ன எழுதினாய்? நான் ஏதும் பிழையாய்ச் சொல்லிவிட்டேனா?

ரூபி

*

உருத்திரபுரம்
01.07.2025

கிருபன் மச்சானுக்கு,

உன் சுகத்தை விசாரித்துப் பதினைந்து நாள். பதில் இல்லை. காய்ச்சலோ என்று ஒரு நாள் பயந்தேன். கடிதம் தொலைந்ததோ என்று தபால் கந்தோரில் கேட்டேன். பிறகு கோபம் வந்தது, இப்போது எது என்றே தெரியவில்லை. பட்டன் போனில் அழைத்தாலும் நீ எடுக்கவில்லை. பயிற்சி நிலையத்தில் எல்லோரும் என் படத்தைப் பாராட்டுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரிந்தால் எனக்கு எழுது.

ரூபி

*

பொகவந்தலாவை
03.07.2025

அன்புள்ள ரூபி மச்சாளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோரின் சுகத்தையும் விரும்புகிறேன், மாமாவின் சுகத்தையும் சேர்த்து. எழுதாமல் இருந்தது உம்மேல் கோபத்தால் அல்ல. உண்மையை எழுதப் பயம், பொய்யை எழுத வெட்கம்.

அம்மா வருகிற பதினாறாம் தேதி பஸ்ஸில் ஏறுகிறார். பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது, இலை சுருண்டுவிட்டது. இன்னும் ஒரு முறை தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெளியே வராது. உடுப்பை எல்லாம் பையில் அடுக்கிவிட்டாராம்.

நாலு வருடத்துக்கு முன் அப்பா உங்கள் முற்றத்தில் நின்று, "மச்சான், எங்கட வயலுக்குத் தண்ணி வாறேல்லை" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மாமா பட்டியலை எடுத்துக் காட்டி, "மலையிலயிருந்து வந்த உனக்கு வாய்க்கால் கணக்குத் தெரியுமோ" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா சாகும்வரை அதற்குப் பிறகு உங்கள் படலை திறக்கவில்லை. ஒரு வசனத்துக்கு ஒரு குடும்பம் இரண்டாய்ப் போனது. இன்னொரு வசனம் என் வாயால் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் வயலடிக்கு ஒருமுறை போய்ப் பாரும். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

கிருபன்

*

உருத்திரபுரம்
18.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம் விசாரிப்பதை இன்று கடைசியில் வைத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. பதினொராம் தேதி வெள்ளி காலை சைக்கிளில் போனேன். மாமி மடையடியில் மண்வெட்டியோடு நின்றார். ஆறு மணிக்குச் சற்று முன்னே தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெதுவாய் வந்து உங்கள் மடையில் முட்டியது. அதே நேரம் மேலே அப்பா மதகைப் பூட்டியிருப்பார். கணுக்கால் அளவு தண்ணீர் கொஞ்ச நேரம் நின்று மண்ணுக்குள் போய்விட்டது. என் திரையில் ஒன்பது தரம் பார்த்த இடம்தான் அது. ஒரு முழம்கூட வித்தியாசமில்லை.

"ஒவ்வொரு வெள்ளியும் வரும் பிள்ளை. வாசலுக்கு வந்திட்டு நிண்டிடும்" என்றார் மாமி. அப்பாவைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "உன்ர அப்பா கள்ளமில்லை எண்டு உன்ர மாமாவுக்குச் சொன்னனான். அண்ணை கடதாசியைப் பாக்கிறார். கடதாசியில வயல் இருக்கு, வாய்க்கால் இல்லை." அந்த வரம்பிலேயே குந்தியிருந்து அழுதேன். படம் முதலே சரியாய்த்தான் ஓடியிருக்கிறது. அதைப் பிழை என்று நினைத்து, பொய் சொல்லப் பழக்கியவள் நான். எண்ணாதே என்று நீ தந்த வரியை அன்றே அழித்தேன்.

ஞாயிறு கூட்டம். பொதுநோக்கு மண்டபச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ராஜினி மிஸ் படத்தை அதில் விழுத்தினார். அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு பெட்டி பச்சை, பன்னிரண்டாவது பழுப்பு.

"பிள்ளை, பிழையாய் ஓடுது. திரும்பப் போடு" என்றார். போட்டேன். அதேதான். இரண்டாம் வயல்காரர் தில்லைநாதன், தண்ணீரைப் பற்றிக் கணினிக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்.

"அப்பா, பிழையாய் ஓடினது உங்களுக்குக் காட்டின படம்தான். அதில தண்ணி நடக்கிற நேரத்தை நான் மறைச்சுப்போட்டன்" என்றேன்.

அப்பா பட்டியலைத் திருப்பி அதன் பின்புறத்தில் பென்சிலால் கூட்டினார். பன்னிரண்டு அரை என்று அவர் வாய் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஆளுக்கு அரை மணித்தியாலம் விட்டுக்கொடுத்தால் சரி, ஐந்தரை என்று வைப்போம் என்று நடு வயல்காரன் பிரதாபன் எழும்பிச் சொன்னான். தில்லைநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு என்றால் ஆறுதான், வழக்கத்தை மாற்றக் கூடாது என்றார். பத்துப் பேர் பத்துக் கதை கதைத்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்து, கடைசி வயலிலிருந்து முறையைத் தொடங்கி ஓடவிடச் சொன்னார். அத்தனை பேர் முன்னால் கட்டளையை மாற்றினேன். அவசரத்தில் கொக்கும் பின்பக்கமாய் நடந்தது. தண்ணீர் பன்னிரண்டு டிக்கில் ஒரேயடியாய்க் கடைசி வரை போய், அங்கிருந்து ஒவ்வொன்றாய் மேலே பச்சையாக்கிக்கொண்டு வந்தது. இனி ஒருவருக்கும் குறையாது என்று நினைத்தேன். டைமர் நின்றபோது பார்த்தால் முதலாவது பெட்டி பழுப்பு. எங்கள் வயல். எங்கே பிழைவிட்டேன் என்று கட்டளையைத் தேடத் தொடங்கினேன்.

"தேடாதை. அது பிழையில்லை" என்றார் அப்பா. பிறகு எல்லோரையும் பார்த்து, "இந்தக் கிழமை இப்பிடித்தான். ஐஞ்சரையைப் பற்றி அடுத்த கூட்டத்தில கதைப்பம்" என்றார். தில்லைநாதன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

செவ்வாய் மதியம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் மடையில் தண்ணீர் ஏறியது. அப்பா காலையிலிருந்து வாய்க்கால் வரம்பால் தண்ணீரோடு கூடவே நடந்து வந்திருக்கிறார். மடையை வெட்டியது அவர்தான். மாமி கையைக் கழுவிவிட்டு, "அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறியளோ" என்று கேட்டார். "ஓம்" என்றார் அப்பா. நாலு வருடத்துக்கு அவ்வளவுதான் கதை. ஆனால் உன் அப்பா பொன்னையா மாமாவின் படத்துக்கு முன்னால் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றதாய் மாமி பிறகு எனக்குச் சொன்னார்.

இன்று வெள்ளி. எங்கள் வயலில் இலை நுனி சுருளத் தொடங்கிவிட்டது. அம்மா காலையிலிருந்து அப்பாவை ஏசுகிறார். அவர் குனிந்தபடி சாப்பிட்டார். மாமி பதினாறாம் தேதி பஸ்ஸில் ஏறவில்லை. மற்றதை அவரே உனக்குச் சொல்லியிருப்பார்.

இனிச் சொல்லு, நீ சுகமா? அந்த வெட்டிய இரண்டு வரி என்ன?

உன் மச்சாள்,
ரூபி

*

பொகவந்தலாவை
27.07.2025

அன்புள்ள ரூபி மச்சாளுக்கு,

இன்றைக்குத்தான் உண்மையிலேயே சுகம் என்று எழுதுகிறேன். உமது அம்மாவின் கோபம் ஆறியிருக்கவும், உங்கள் வயல் நிமிர்ந்திருக்கவும் வேண்டுகிறேன்.

அம்மா போனில் கதைத்தார். பாதி வயல் காய்ந்ததுதான், மீதியில் கதிர் தள்ளத் தொடங்கிவிட்டதாம். பையில் அடுக்கிய உடுப்பைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டாராம். அண்ணை தேத்தண்ணிக்குச் சீனி கேட்டார் என்பதை மூன்று தரம் சொன்னார். நான் இங்கே தனியாக இருந்து அழுதேன், அதை அவருக்குச் சொல்லவில்லை.

எண்ணாதே என்ற வரியை உமக்குத் தந்தவன் நான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வெட்டிய இரண்டு வரி இவைதான்: "படத்தைத் திருத்த வேண்டாம். அந்தப் பழுப்புப் பெட்டிக்குள் என் அம்மா நிற்கிறா."

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டு முகவரிக்கே போடுகிறேன். கேற்றடியில் மாமா வாங்கினால் வாங்கட்டும். பிரித்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம். அவருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கிருபன்